நம்ம கிராமத்துல எத்தனை பேரு, என்னென்ன மதம்? சென்னைல இருக்கற ஊர்க்காரங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

சென்னைல பாதி பேருக்கு சொந்த ஊருன்னு வேற ஒண்ணு இருக்கு. கும்பாபிஷேக மலர் போடறோம், சர்ச் நூற்றாண்டு விழா மலர் போடறோம், பள்ளிவாசல் வரலாறு எழுதறோம், பொண்ணு காலேஜ்ல ப்ராஜெக்ட் பண்றா, அதுக்கு ஊர் ஜனத்தொகை வேணும் மத விவரம் வேணும்னு நிறைய பேர் கேக்கறாங்க. எனக்கு இந்த சென்சஸ் கணக்கெல்லாம் பாக்கறது ரொம்ப நாளா பழக்கம், அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத இங்க ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன்.

எங்க கிராமத்துல இந்து எத்தனை பேரு, முஸ்லிம் எத்தனை, கிறிஸ்டியன் எத்தனைன்னு நெட்ல கிடைக்குமா?

கிடைக்காது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்காகத்தான் நிறைய பேர் நாள் கணக்கா தேடறாங்க. 2011 சென்சஸ்ல ஒவ்வொரு ஆள்கிட்டயும் மதம் கேட்டாங்க, ஆனா அந்த மத அட்டவணைய, அதுக்கு சி-1னு பேரு, தாலுகா வரைக்கும் டவுன் வரைக்கும்தான் வெளியிட்டாங்க, கிராமம் வாரியா வெளியிடல. அதுவும் 2015 ஆகஸ்ட்லதான் வெளிய வந்துச்சு. அதனால உங்க ஊர் பேரூராட்சியாவோ நகராட்சியாவோ இருந்தா உங்களுக்கு நம்பர் உண்டு, கிராமமா இருந்தா உங்க தாலுகா நம்பர்தான் கிடைக்கும்.

என்னைக் கேட்டா இது சரியான முடிவுதான். 300 பேர் இருக்கற ஊர்ல 11 பேர் வேற மதம்னு அச்சுல வந்தா அது யார் வீடுன்னு எல்லாருக்கும் தெரியும், அப்புறம் அது புள்ளிவிவரம் இல்ல, அந்த வீட்டுக்காரங்க விலாசம்.

ஆனா சில வெப்சைட்ல கிராமத்து பேர் போட்டு மத சதவீதமும் போட்டிருக்காங்களே?

பாத்திருக்கேன். அதுல பல இடத்துல தாலுகா நம்பரையோ மாவட்ட நம்பரையோ எடுத்து அப்படியே கிராமத்து பேருக்கு கீழ போட்டிருக்காங்க. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா பக்கத்து ரெண்டு மூணு கிராமத்தையும் அதே சைட்ல தேடிப் பாருங்க, எல்லாத்துக்கும் ஒரே சதவீதம் இருந்துச்சுன்னா முடிஞ்சுது கதை.

இந்த சராசரி ஏன் கிராமத்துக்கு பொருந்தாதுன்னா நம்ம பக்கம் மக்கள் கலந்து தூவினாப்ல குடியிருக்கல, ஊர் ஊரா தெரு தெருவா சேந்து இருக்காங்க. கன்னியாகுமரி மாவட்டத்துல 2011 கணக்குப்படி இந்து 48.65 சதவீதம், கிறிஸ்டியன் 46.85 சதவீதம், முஸ்லிம் 4.20 சதவீதம். இத வெச்சுகிட்டு அங்க ஒவ்வொரு ஊரும் பாதிக்கு பாதின்னு நினைச்சா தப்பு, கடலோர மீனவர் ஊர்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே கத்தோலிக்கர், உள்ள வந்தா அதே தாலுகாலயே வேற மாதிரி இருக்கும். சென்னை மாவட்டத்துல இந்து 80.73, முஸ்லிம் 9.45, கிறிஸ்டியன் 7.72. இத திருவல்லிக்கேணிக்கும் சாந்தோமுக்கும் சௌகார்பேட்டைக்கும் ஒரே மாதிரி போட முடியுமா?

சரி, அப்போ கிராமத்துக்குன்னு என்னதான் கிடைக்கும்?

நிறையவே கிடைக்கும், மதம் மட்டும்தான் இல்ல. பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்னு ஒரு எக்செல் ஃபைல் இருக்கு, அதுல ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு வரி. எத்தனை வீட்டுக் குடும்பம், மொத்தம் எத்தனை பேர், ஆறு வயசு வரைக்கும் எத்தனை குழந்தைங்க, எஸ்.சி எத்தனை எஸ்.டி எத்தனை, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை, வேலை பாக்கறவங்க எத்தனை, அதுல சொந்தமா விவசாயம் பண்றவங்க, கூலிக்கு போறவங்க, வீட்டுத் தொழில், மத்த வேலைன்னு எல்லாத்துக்கும் ஆண் பெண் தனித்தனியா இருக்கும். இது போக டிஸ்ட்ரிக்ட் சென்சஸ் ஹேண்ட்புக்னு மாவட்டத்துக்கு ஒரு புத்தகம், அதோட ஏ பாகத்துல ஊருக்கு ஸ்கூல் உண்டா, ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம், பஸ் வருமா, குடிதண்ணி எங்கேர்ந்து, பாசன நிலம் எவ்ளோன்னு கூட இருக்கும். ரெண்டுமே சென்சஸ் இந்தியா வெப்சைட்ல காசு இல்லாம டவுன்லோடு பண்ணலாம்.

எங்க ஊர் பேரே அந்த ஃபைல்ல இல்லையே?

பெரும்பாலும் இருக்கும், நீங்க தேடற இடம்தான் வேறயா இருக்கும்.

2011ல தமிழ்நாட்டுல 32 மாவட்டம்தான். இப்போ 38. அதனால தென்காசிக்காரங்க திருநெல்வேலில தேடணும், கள்ளக்குறிச்சிக்காரங்க விழுப்புரத்துல, செங்கல்பட்டு காஞ்சிபுரத்துல, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூர்ல, மயிலாடுதுறை நாகப்பட்டினத்துல. சென்னையச் சுத்தி இருக்கறவங்களுக்கு இன்னும் குழப்பம், ஏன்னா 2011 சென்சஸ்ல சென்னை மாவட்டம் வெறும் 174 சதுர கிலோமீட்டர், 46,46,732 பேரு. மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டரா பெருசானது சென்சஸ் முடிஞ்சப்புறம் அந்த வருஷ கடைசிலதான், மாவட்ட எல்லைய மாத்தினது 2018ல. அதனால இன்னிக்கு சென்னைன்னு சொல்ற மாதவரம், அம்பத்தூர் எல்லாம் அந்த கணக்குல திருவள்ளூர்ல இருக்கும், சோழிங்கநல்லூர் பக்கம் காஞ்சிபுரத்துல இருக்கும்.

இன்னொண்ணு, சென்சஸ்ல கிராமம்னா ரெவின்யூ கிராமம். நம்ம ஊர்னு நாம சொல்றது அதுக்குள்ள இருக்கற ஒரு குக்கிராமமாவோ ஒரு காலனியாவோ இருக்கலாம், அதுக்கு தனி வரி கிடையாது, தாய் கிராமத்தோட சேத்துத்தான் எண்ணியிருப்பாங்க. உங்க வீட்டு பட்டாலயோ சிட்டாலயோ கிராமம்னு என்ன பேர் போட்டிருக்கோ அந்த பேர்ல தேடுங்க. இங்கிலீஷ் எழுத்துல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பாங்க, ழ வர்ற பேர்னா மூணு நாலு விதமா அடிச்சுப் பாருங்க. புதூர், நல்லூர்னு ஒரே பேர்ல பல ஊர் இருக்கும், அப்போ தாலுகாவ பாத்து உறுதி பண்ணிக்கணும், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க கோடு இருக்கு, அத குறிச்சு வெச்சுக்கிட்டா அப்புறம் குழப்பமே வராது.

படிச்சவங்க எத்தனை சதவீதம்னு கணக்கு போட்டேன், ரொம்ப கம்மியா வருதே?

மொத்த ஜனத்தொகையால வகுத்திருப்பீங்க. ஏழு வயசும் அதுக்கு மேலயும் இருக்கறவங்களால வகுக்கணும். உதாரணத்துக்கு 2,000 பேர் இருக்கற ஊர்ல 200 சின்ன குழந்தைங்க, 1,350 பேருக்கு எழுத படிக்க தெரியும்னு வெச்சுக்கோங்க, 1,350ஐ 1,800ஆல வகுத்தா 75 சதவீதம், 2,000ஆல வகுத்தா 67.5 சதவீதம்தான் வரும். மாநில சராசரி 80.09, அதோட ஒப்பிடும்போது சரியான நம்பரா இருக்கணும் இல்லையா.

நாங்க சென்னைல குடியிருக்கோம், ஆனா ரேஷன் கார்டு ஓட்டு எல்லாம் ஊர்லதான். எங்கள எங்க எண்ணுவாங்க?

சென்னைலதான். சென்சஸ்காரங்க கார்டு பாக்கறது இல்ல, கணக்கெடுக்கற அந்த நாட்கள்ல நீங்க வழக்கமா எங்க தங்கியிருக்கீங்களோ அங்க எண்ணுவாங்க. 2011ல பிப்ரவரி 9லேருந்து 28 வரைக்கும் எண்ணினாங்க, அந்த நாட்கள் முழுக்க ஊர்ல இல்லாதவங்கள ஊர் கணக்குல சேக்கக் கூடாதுங்கறது விதி. வீடே இல்லாம பிளாட்பாரத்துல படுக்கறவங்கள 28ஆம் தேதி ராத்திரி எண்ணினாங்க.

இது மத விவரத்தையும் மாத்தும்னு நிறைய பேர் யோசிக்கறதில்ல. கடலோர முஸ்லிம் ஊர்கள்ல ஆம்பளைங்க வளைகுடாலயோ மலேசியாலயோ இருப்பாங்க, அவங்க ஊர் கணக்குல வர மாட்டாங்க. பொண்ணுங்க எண்ணிக்கை ஆம்பளைங்கள விட ரொம்ப அதிகமா தெரியற கிராமம்னா முக்கால்வாசி காரணம் இதுதான், வேலை தேடி போனது. நாளைக்கே ஒரு தெரு ஜனம் பூரா திருப்பூருக்கோ சென்னைக்கோ கிளம்பினா யாரும் மதம் மாறாமலே ஊரோட சதவீதம் மாறிடும்.

எங்க ஊர்ல காலனில பெரிய சர்ச் இருக்கு, ஆனா சென்சஸ்ல எஸ்.சி எண்ணிக்கை ரொம்ப கம்மியா காட்டுது. தப்பா எண்ணிட்டாங்களா?

இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா ஊர் கணக்குல எல்லாத்தையும் விட அதிகமா தப்பா புரிஞ்சுக்கற இடம் இது, அதோட வலியும் இதுலதான் அதிகம்.

1950ல ஜனாதிபதி போட்ட பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துவா இருந்தாதான் எஸ்.சி. 1956ல சீக்கியரையும் 1990ல பௌத்தரையும் சேத்தாங்க. கிறிஸ்டியனா மாறினவங்களும் முஸ்லிமா மாறினவங்களும் அதுல இல்ல. அதனால எண்ண வர்றவர்கிட்ட ஒருத்தர் நான் கிறிஸ்டியன்னு சொன்னா அந்த படிவத்துல அவருக்கு எஸ்.சி போட முடியாது, அவர் தாத்தா எந்த தெருல பொறந்திருந்தாலும் சரி, இன்னிக்கும் அதே தெருல அதே ஒதுக்கலோட இருந்தாலும் சரி. எஸ்.டிக்கு இந்த கட்டுப்பாடு இல்ல, அவங்க எந்த மதமா இருந்தாலும் எஸ்.டிதான்.

அப்போ என்ன ஆகுதுன்னா ரெண்டு விதமா நடக்குது. சில ஊர்ல மொத்த தெருவும் கிறிஸ்டியன்னே சொல்லிடுவாங்க, அந்த ஊர்ல எஸ்.சி எண்ணிக்கை சின்னதா தெரியும், கிராமத்து ஃபைல்ல மதமும் இல்லாததால படிக்கறவங்க இந்த ஊர்ல தலித் மக்களே இல்ல போலன்னு நினைச்சுக்குவாங்க. வேற சில ஊர்ல ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு போற குடும்பம் பேப்பர்ல இந்துவாவே இருக்கும், பிள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும் சர்டிபிகேட் போயிடுமேன்னு. தமிழ்நாட்டுல எஸ்.சிலேருந்து கிறிஸ்டியனா மாறினவங்க பி.சி பட்டியல்ல வர்றாங்க, ரெண்டுக்கும் கிடைக்கற சலுகைல எவ்ளோ வித்தியாசம்னு அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு தெரியும். அவங்கள பொய் சொல்றாங்கன்னு பேசறவங்கள பாத்தா எனக்கு கோபம்தான் வருது, அந்த நெருக்கடிய உண்டாக்கினது சட்டம்.

பஞ்சாயத்து தலைவர் பதவி எஸ்.சிக்கு ஒதுக்கறது இந்த எண்ணிக்கைய வெச்சுத்தான், அதனால இது வெறும் மலர்ல போடற நம்பர் விஷயம் இல்ல. மதம் மாறின தலித் மக்களுக்கு எஸ்.சி தகுதி கொடுக்கலாமான்னு பாக்க மத்திய அரசு 2022 அக்டோபர்ல முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில ஒரு கமிஷன் போட்டுச்சு. மலர் எழுதறவங்க எஸ்.சி எண்ணிக்கைய போட்டா பக்கத்துல ஒரு வரி எழுதுங்க, கிறிஸ்டியன்னு பதிவான குடும்பங்க இந்த எண்ணிக்கைல வராதுன்னு.

ஆர்.சி எத்தனை, சி.எஸ்.ஐ எத்தனை, பெந்தெகொஸ்தே எத்தனை? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை தனியா உண்டா?

இல்ல. கிறிஸ்டியன்னா கிறிஸ்டியன், முஸ்லிம்னா முஸ்லிம், அவ்ளோதான். பங்குக் கோவில் பதிவேடு, ஜமாத் குடும்பக் கணக்கு, கோவில் வரிப் பட்டியல் இதெல்லாம்தான் அதுக்கு வழி, அதுவும் அவங்க விருப்பப்பட்டு கொடுத்தாதான்.

எங்க ஊர் வந்தவாசி பக்கம், நயினார் குடும்பம் (தமிழ்ச் சமணர்) எல்லாம் உண்டு. அவங்க எதுல வருவாங்க?

ஜெயின்ல. 2011ல தமிழ்நாடு முழுக்க ஜெயின் 89,265 பேரு. அதுல பாதிக்கு மேல சென்னை மாவட்டத்துலயே இருக்காங்க, ராஜஸ்தான் குஜராத்துலேருந்து வந்து சௌகார்பேட்டை மாதிரி இடங்கள்ல குடியேறினவங்க ஏராளம். தமிழையே தாய்மொழியா கொண்டு திண்டிவனம், வந்தவாசி, ஆரணி பக்கம் கிராமங்கள்ல நிலம் வெச்சு விவசாயம் பண்ணி பல நூற்றாண்டா வாழற தமிழ்ச் சமணர்களும் இதே நம்பருக்குள்ளதான் இருக்காங்க, பிரிச்சு காட்ட மாட்டாங்க. மேல்சித்தாமூர்ல அவங்க மடம் இருக்கு, சமண மடம். சென்னைல நிறைய பேர் ஜெயின்னாலே வடக்கத்திக்காரங்கன்னு முடிவு பண்ணிடறாங்க, உங்க ஊர் மலர்ல கட்டாயம் அவங்களப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க.

எங்க குடும்பம் பெரியார் வழி, மதம் இல்லைன்னு சொல்லலாமா? அய்யாவழிக்காரங்க?

தாராளமா சொல்லலாம், எண்ண வர்றவர் நீங்க சொல்றத எழுதணும்னுதான் விதி, குடும்பத் தலைவர் மதத்த எல்லாருக்கும் போட்டுடவும் கூடாது, ஒவ்வொருத்தரையும் தனியா கேக்கணும். 2011ல ஆறு மதத்துக்குத்தான் கோடு நம்பர் இருந்துச்சு, இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன், சீக்கியர், பௌத்தர், ஜெயின். மத்தது எதுவா இருந்தாலும் பேர முழுசா எழுதணும். ஜார்க்கண்ட் பக்கம் ஆதிவாசி மக்கள் 49 லட்சத்துக்கு மேல சர்னான்னு (அவங்களோட இயற்கை வழிபாட்டு மதம்) எழுத வெச்சாங்க. இந்தியா முழுக்க மதம் குறிப்பிடாதவங்க சுமார் 28.7 லட்சம் பேரு. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர வழிபடற அய்யாவழி மக்கள்ல பெரும்பாலானவங்க இந்துன்னே பதிவாகியிருக்காங்க, தனியா தெரியணும்னு நினைச்சா அந்தப் பேரையே சொல்லணும், வேற வழியில்ல.

ஜாதி வாரியா?

எஸ்.சி, எஸ்.டி தவிர மத்த ஜாதிக் கணக்கு 1931க்கு அப்புறம் சென்சஸ்ல வெளிவரல. வர்ற சென்சஸ்ல எடுக்கப் போறாங்க, 2025 ஏப்ரல் 30ல மத்திய அமைச்சரவை முடிவு பண்ணியாச்சு.

"நம்ம ஊர்ல இவங்க இத்தனை மடங்கு பெருகிட்டாங்க"ன்னு வாட்ஸப்ல நம்பரோட வருது. நம்பலாமா?

கிராமத்து மதக் கணக்கே வெளியிடல, அப்போ அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு? இத மட்டும் திருப்பிக் கேளுங்க, போதும். வாக்காளர் பட்டியல்ல பேர வெச்சு எண்ணியிருந்தா அதுவும் தப்பு, பட்டியல்ல மதம்னு ஒரு காலமே கிடையாது, நம்ம பக்கம் செல்வராஜும் அன்பழகனும் ராணியும் எந்த மதமா வேணாலும் இருக்கலாம்.

இந்த மாதிரி மெசேஜ் போடறவங்க ஊருக்கு போய் நாலு நாள் இருந்தா நல்லாருக்கும். பழவேற்காட்ட பாருங்க, பொன்னேரி தாண்டி, சென்னைலேருந்து ரெண்டு மணி நேரம். மகிமை மாதா கோவில், பள்ளிவாசல்கள், ஆதிநாராயணப் பெருமாள் கோவில், டச்சுக்காரங்க கல்லறை எல்லாம் நடந்தே பாத்துடலாம். கோவளத்துல கார்மேல் அன்னை ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் ஒரே கடற்கரைல. தர்காவுக்கு வர்றவங்கள்ல இந்துக்கள் எத்தனைன்னு எந்த அட்டவணைலயும் வராது. சண்டையே வந்ததில்லன்னு நான் சொல்ல வரல, ஆனா ஒரே ஏரில ஒரே கடல்ல பிழைப்பு நடத்தறவங்க வாழ்க்கைய சதவீதத்துல சுருக்கறது அநியாயம்.

அப்போ நாங்களே வீடு வீடா போய் எண்ணலாமா?

எண்ணலாம், நல்ல முன்மாதிரியே சென்னைல இருக்கு. மெட்ராஸ் யுனிவர்சிட்டில பொருளாதாரப் பேராசிரியரா வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல மாணவர்கள அவங்கவங்க சொந்த ஊருக்கு அனுப்பி விவரம் எடுக்க வெச்சார். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டு, வட ஆற்காட்டுல தூசி, திருநெல்வேலில கங்கைகொண்டான் இதெல்லாம் அப்படி எழுதின ஊர்கள், அதே ஊர்களுக்கு பல வருஷம் விட்டு விட்டு வேற ஆளுங்க போய் மறுபடி மறுபடி எடுத்திருக்காங்க, அதனால ஒரு கிராமம் எப்படி மாறுதுன்னு பாக்க இந்தியாவுலயே இதுமாதிரி கொஞ்சம்தான் இருக்கு.

நீங்க எண்ணினா ஊர்ல எல்லா தெருவுலேருந்தும் ஆள் சேத்துக்கிட்டு போங்க. மேலத்தெரு பசங்க மட்டும் நோட்டோட காலனிக்குள்ள போய் என்ன மதம்னு கேட்டா யாருக்குமே சங்கடமா இருக்கும், பயமாவும் இருக்கும். எதுக்கு கேக்கறோம், எங்க போடப் போறோம்னு முன்னாடியே சொல்லுங்க. சொல்ல விரும்பலன்னா விட்டுடுங்க. வீட்டு நம்பரோட மதத்த சேத்து அச்சடிக்கவே அடிக்காதீங்க.

சென்னைல பழைய ரிப்போர்ட் எங்க பாக்கலாம்?

எழும்பூர்ல கன்னிமாரா லைப்ரரியும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. தரமணில ரோஜா முத்தையா நூலகம், அடையார்ல எம்.ஐ.டி.எஸ்னு சொல்ற சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். பெசன்ட் நகர் ராஜாஜி பவன்ல சென்சஸ் இயக்குனரகம். 1961 சென்சஸ் சமயத்துல தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்கு தனித்தனி புத்தகமே போட்டாங்க, வீடு எப்படி, சாப்பாடு என்ன, யார் யார் எந்த தெருன்னு அவ்ளோ விவரமா எழுதியிருப்பாங்க. உங்க ஊர் அதுல இருந்தா உங்களுக்கு புதையல், காஞ்சிபுரம் பக்கத்து அய்யங்கார்குளத்துக்கு அப்படி ஒண்ணு இருக்கு.

அடுத்த சென்சஸ் எப்போ? எண்ண வந்தா என்ன கவனிக்கணும்?

2021ல நடக்க வேண்டியது கொரோனாவால தள்ளிப் போச்சு. இப்போ 2027 மார்ச் 1ஐ கணக்கு நாளா வெச்சு அறிவிச்சிருக்காங்க. முதல்ல 2026 ஏப்ரல்லேருந்து செப்டம்பருக்குள்ள வீட்டுக் கணக்கு, அப்புறம் 2027 பிப்ரவரில ஆள் கணக்கு, மதமும் ஜாதியும் கேக்கறது அந்த ரெண்டாவது சுற்றுலதான். மொபைல்ல நாமளே பதிவு பண்ணவும் வழி உண்டு.

ஊர்ல இருக்கற அம்மா அப்பாவுக்கு போன் பண்ணி சொல்லி வைங்க, மதம் மொழி ஜாதி எல்லாம் கேட்டு, அவங்க சொன்னதத்தான் எழுதறாங்களான்னு பாத்துக்கச் சொல்லுங்க. பயப்படறாங்கன்னா இதையும் சொல்லுங்க, 1948 சென்சஸ் சட்டம் 15ஆவது பிரிவுப்படி தனி ஆள் சொன்ன விவரத்த யாரும் எடுத்துப் பாக்க முடியாது, கோர்ட்லயும் சாட்சியா காட்ட முடியாது. புருஷன் பேர சொல்ற வழக்கம் இல்லாத பாட்டிங்க இருந்தா அவங்களும் கவலைப்பட வேண்டாம், அந்தப் பேர சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லைன்னு அதே சட்டத்துல எழுதியிருக்கு.